ஒன்றரை டெசிபல்

ஜெசிந்தாவின் வெறுப்பு சூடாவதற்கு அரைமணி நேரம் பிடிக்கும். பழைய வால்வு ரேடியோவைத் திருகிய உடனே பாட்டு வந்துவிடுமா என்ன? அதுபோலத்தான் இதுவும் என்பான் தயாபரன். சாலிகிராமத்தில் அவனுடைய ஸ்டுடியோவில், மதியச் சாப்பாடு முடிந்து, தலையில் வெள்ளிக் கம்பியால் பின்னிய வலையை மாட்டிக்கொண்டு அவள் உட்காருவாள். அவன் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

"சொல்லு ஜெசிம்மா. அன்னைக்கு ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சு?"

"எத்தன தடவ சொல்ல? உங்களுக்கு மனப்பாடமே ஆயிருக்குமே."

"எனக்கு ஆயிடுச்சு. உனக்குச் சூடாகணுமே."

அவள் சொல்வாள். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சலோடு அண்ணன் ததேயு கிடந்தது. நினைவு வந்தபோதெல்லாம் "ரெஜி வந்துட்டாளா, ரெஜி வந்துட்டாளா" என்று வாசலைப் பார்த்தது. அவன் பெண்டாட்டி ரெஜினா சென்னையில் ஏதோ ஒரு படத்துக்கு டூயட் பாடிக்கொண்டிருந்தது. "வாரேன், வாரேன்" என்று போனில் சொன்னவள், கல்லறையில் போட்ட பூ வாடினபிறகு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கியது. சொல்லச் சொல்ல ஜெசிந்தாவுக்குத் தாடை இறுகும், மூச்சு சூடாகும். சுவரில் இருந்த மீட்டர் மேலே ஏறும். தயாபரன் முக்காலியைத் தள்ளிவிட்டு மேசைக்கு ஓடுவான். ரெஜினா பாடிவைத்த குரல் ஜெசிந்தாவின் காதுக்குள் போகும். வலை வழியாக வெளியே வரும். அந்தப் பாட்டைத்தான் ஊரெல்லாம் தேன், தேன் என்று நக்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கண்றாவி எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் செத்த வருஷம் ஒரு கச்சேரி. மேடையில் ரெஜினா பட்டுப்புடவையில் ஜொலிக்கிறாள். கூட்டத்தின் நடுவிலிருந்து ஜெசிந்தா எழுந்து, "புருசன் சாவக் கெடக்கும்போது வராதவளுக்கு மாலை ஒரு கேடாட்டி?" என்று கத்தினாள். நாலு பேர் பிடித்து வெளியே தள்ளினார்கள். நாற்பது பேர் அதைப் படம் பிடித்தார்கள். அடுத்த வாரமே தயாபரன் பழக்கூடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக, அண்ணனுக்கு அவன் விட்ட கண்ணீரைப் பார்க்க வேண்டுமே!

"சாச்சுரேஷன்னு ஒரு வேலை இருக்கும்மா," என்றான்.

"அப்படின்னா?"

"வெங்காயம் வதக்குவ இல்ல? பச்சையாப் போட்டா நெடி. கருக விட்டா கசப்பு. நடுவுல பொன்னிறமா ஒரு கட்டம் வருதே, அதான். சுத்தமான குரல்ங்கறது பச்சை வெங்காயம். அத ஒரு கருவிக்குள்ள, தாங்கறதுக்கு மேல கொஞ்சம் அழுத்தி அனுப்புவோம். கருவி திணறும். திணறும்போது அந்தச் சுரத்துக்கு மேல குட்டிக் குட்டியா வேற சுரம் முளைக்கும். அந்தத் திணறல்தான் பாட்டுக்கு ருசி."

"கருவி திணறட்டும். எனக்கு அங்கன என்ன சோலி?"

"கருவியெல்லாம் பாத்தாச்சு. மிருதங்கத்துக்குப் பழைய டேப் போதும், பாஸ் கிட்டாருக்கு வால்வு போதும். குரலுக்கு அதெல்லாம் பத்தல. கம்ப்யூட்டர்ல பண்ற திணறல் எல்லாப் பாட்டுலயும் ஒரே மாதிரி, ஜனங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. மனுஷ நரம்பு அப்படி இல்ல. காது வழியா போற குரல் நரம்புல மாறுது. கேக்கறவங்களுக்குப் பிடிக்காத குரலா இருந்தா ரொம்பவே மாறுது. அத இந்த வலை புடிச்சு வெளிய எடுத்துரும். உயிர்வால்வுன்னு பேரு."

"பிடிச்ச குரலா இருந்தா?"

"கொழகொழன்னு வரும், உளுந்தங்கஞ்சி மாதிரி. வெறுப்புதாம்மா பொன்னிறம்."

ஜெசிந்தா கதவைச் சாத்தப் போனாள். அப்போதுதான் அவன் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னான்: "நீ இல்லேன்னா அவங்க குரல் வெறும் தண்ணி."

அதில்தான் விழுந்தாள். விழாமல் என்ன செய்வாள்? சாபம் விட்டால் பலிக்காத காலம் இது. கோர்ட்டுக்குப் போனால் "வராதது குற்றமில்லை" என்பார்கள். இந்த உலகத்தில் ரெஜினாவின் கழுத்துப் பிடி தன் கையில் இருக்கிறதென்று ஒருத்தன் வீடு தேடி வந்து சொல்கிறான். இனி அவளுக்கு விழுகிற ஒவ்வொரு மாலையும் என் வயிற்றெரிச்சலில் கட்டின மாலை. வேண்டாம் என்று நான் எழுந்து போனால் நாளைக்கே அவள் நாறிப்போவாள். இப்படி நினைத்துக்கொண்டு ஜெசிந்தா புருஷன் லாரன்ஸையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தாள்.

கொஞ்ச நாளில் ஊரே அப்படித்தான் ஆனது. பெரிய பாடகர்கள் எல்லாருக்கும் ஒரு எதிரி தேவைப்பட்டது. விவாகரத்தான பெண்டாட்டிக்கு வேலை, ஏமாந்துபோன பங்காளிக்கு வேலை, வித்தை சொல்லித் தராமல் துரத்திவிட்ட சிஷ்யனுக்கு வேலை. தங்கமான மனுஷன் என்று பெயர் எடுத்த ஒரு பாடகர், தன்னை வெறுக்க ஆளே கிடைக்காமல், கடைசியில் கூடப்பிறந்த தம்பியின் பங்கு வீட்டை எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த பாட்டு அமோகம்! பாட்டின் தலைப்புக்குப் பக்கத்தில் "உயிர்வால்வு வழி வந்தது" என்று முத்திரை போட்டார்கள். முத்திரை இல்லாத பாட்டை ஜனங்கள் சீந்தவில்லை. எவனோ ஒருத்தன் உள்ளே வெந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தால்தான் இவர்களுக்குக் காதில் தேன் பாயும் போலிருக்கிறது. நல்ல ஜனங்கள்!

ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. வால்வாக உட்காருகிறவரும் பாடகரும் சந்திக்கக்கூடாது, பேசக்கூடாது, சமாதானம் ஆகவே கூடாது. பாட்டு மிக்ஸ் செய்கிற நாட்களில் ரெஜினா வந்தாலும் பக்கத்து அறையில்தான் இருப்பாள். ஜெசிந்தா வாசல் வழியாக வந்து வாசல் வழியாகவே போய்விடுவாள்.

போவதென்னவோ போவாள். ஆனால் கேட்கிற குரலெல்லாம் வீடுவரைக்கும் கூடவே கரகரத்துக்கொண்டு வந்தது. பால்காரன் மணி கேட்டு எரிந்தாள், பக்கத்துவீட்டுப் பிள்ளை படிக்கிற சத்தம் கேட்டு எரிந்தாள்.

"உப்பு எங்கனன்னுதான கேட்டேன்? அதுக்கு ஏன் இந்த முறை முறைக்க?" என்றான் லாரன்ஸ் ஒருநாள்.

"உங்க குரலே எனக்குப் பிடிக்கல."

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. பிடித்துத்தான் கட்டிக்கொண்டாள், கோயில் பாடற்குழுவில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டாள். லாரன்ஸ் அதற்குப் பிறகு வீட்டில் அதிகம் பேசுவதில்லை. எதுவானாலும் போனில் எழுதி அனுப்பிவிடுவான், அடுத்த அறையில் இருந்துகொண்டே.

இப்படி மூன்று வருஷம் ஓடினபிறகுதான் அந்தத் தாலாட்டு வந்தது. ரெஜினாவுக்குக் கொஞ்ச காலமாகவே இறங்குமுகம். புதுக்குரல்கள் நாலைந்து வந்து அவளைத் தள்ளிக்கொண்டிருந்தன. பெரிய படம் ஒன்றில் ஒரு தாலாட்டு அவளுக்குக் கிடைத்திருந்தது. இது நின்றால் அவள் நின்றாள், இது விழுந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று தயாபரனே சொன்னான். "நல்லா சூடா வரணும் ஜெசிம்மா, அடுத்த வாரம்."

அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது ஜெசிந்தாவுக்கு அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் சிரித்தேவிட்டாள்; பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

அவளை மன்னித்துவிட்டால் என்ன?

தாலாட்டு மிக்ஸ் செய்கிற அன்றைக்கு, நெஞ்சில் ஒரு சொட்டு வெறுப்பு இல்லாமல் போய் உட்கார வேண்டும். குரல் உளுந்தங்கஞ்சியாக வழிய வேண்டும். எழுந்துபோய்விட்டால் வேறு எவளையாவது பிடித்துவிடுவார்கள். உட்கார்ந்துகொண்டே கவிழ்க்க வேண்டும். மனிதர்கள் விஷம் வைத்துக் கொன்றிருக்கிறார்கள், வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். மன்னித்துக் கொல்லப் போகிறவள் நான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

சொல்வது சுலபம். ஜெபமாலை உருட்டினாள், பரலோக மந்திரத்தில் மன்னிக்கிற வரி வரும்போது பல்லைக் கடித்தாள். அண்ணன் படத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ரெஜினா முகத்தை நினைத்து "போனாப் போட்டும்" என்று நூறு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பூட்டு திறக்க வேண்டுமானால் பூட்டுக்குப் பக்கத்தில் போகத்தான் வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது என்று, வளசரவாக்கத்தில் ரெஜினா வீட்டு மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த ரெஜினா ஒரு அடி பின்னால் போனாள். மேக்கப் இல்லாத முகம், நைட்டி, நரை ஓடின தலை. கையில் தோசைக்கரண்டி.

"அடிக்கவா வந்திருக்க?" என்றாள்.

"இல்ல. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஏன் வரல?"

"உள்ள வா."

"இங்கனயே சொல்லு."

ரெஜினா கரண்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வந்தேன் ஜெசி. ராத்திரியோட ராத்திரியா டாக்ஸி புடிச்சு, காலம்பற எட்டயபுரம் வரைக்கும் வந்தேன். அங்கன ஒரு டீக்கடையில வண்டிய நிப்பாட்டச் சொன்னேன். நீ போன்ல சொன்னேல்லா, ஆளு அடையாளம் தெரியல, வாயி கோணிப் போச்சுன்னு. அவிய மொகத்த அப்பிடிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அந்த டீக்கடையிலயே மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தேன். பொறவு திரும்பிட்டேன்."

"டூயட் பாடுனன்னு சொன்னாவ."

"மறுநாள் பாடினேன். அது நிசந்தான்."

இதைவிட மட்டமான காரணம் ஒன்று இருக்க முடியுமா? பணத்துக்காக, புகழுக்காக என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். பயந்துவிட்டாளாம்! டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம்! ஜெசிந்தா திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ஒரு பொம்பளை, சாலையோரப் பெஞ்சில், டம்ளரைப் பிடித்துக்கொண்டு, போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் உட்கார்ந்திருப்பது கண்முன்னால் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அண்ணன் கோணல் வாயோடு திரும்பினபோது தானும் எத்தனை தடவை ஜன்னல் பக்கம் பார்த்தோம் என்பதும் கூடவே வந்தது. வாயிலிருந்து வசவுக்குப் பதிலாக அழுகை வந்தது. மூன்று வருஷமாகச் சுமந்த சுமை, வாசற்படியில் நின்றபடியே இறங்கிவிட்டது.

"தோசை கருகுது மதினி," என்றாள் ஜெசிந்தா.

அன்று இரண்டு பேரும் கருகின தோசையைத்தான் சாப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து, லாரன்ஸ் மறந்துபோய் வாய்விட்டு உப்பு கேட்டபோது, அந்தக் குரலில் ஒரு கரகரப்பும் இல்லை. அடுக்களையில் நின்றுகொண்டு அவனை இன்னொரு தரம் ஏதாவது கேட்கச் சொன்னாள்.

ஆனால் கொல்லப் போனவளின் கையில் இப்போது கத்தி இல்லை, கொல்கிற ஆசையும் இல்லை. இனி அந்தத் தாலாட்டு என்ன ஆவது? மதினி நாசமாகிவிடுவாளே! வெறுப்பை இறக்கி வைத்ததும் ஜெசிந்தாவுக்கு வந்த முதல் கவலை இதுதான். வேண்டியதுதான்.

மிக்ஸ் செய்கிற நாள். வலையை மாட்டி உட்கார்ந்தாள். தயாபரன் முக்காலியை இழுத்தான். அவள் கதை சொன்னாள். எப்படியாவது கோபம் வரட்டும் என்று கூடுதலாகவே சொன்னாள். மீட்டர் படுத்துக் கிடந்தது.

"என்ன ஜெசிம்மா, உடம்பு சரியில்லையா? 'ரெஜி வந்துட்டாளா'ன்னு அண்ணன் கேட்டத சொல்லு."

சொன்னாள். கண்ணில் நீர்தான் வந்தது. மீட்டர் அசையவில்லை.

தயாபரனுக்கு வேர்த்தது. "பேசிட்டியா அவங்ககூட? ஒப்பந்தத்துல என்ன கையெழுத்துப் போட்ட நீ?" என்று உறுமினான். "அறிவிருக்கா உனக்கு? உங்கண்ணன் செத்ததுக்கு அவ காரணம், அவகூடப் போய் ஒட்டிக்கிட்டு வந்து நிக்கறியே, நீயெல்லாம் கூடப்பொறந்தவளா?" அவள் முகத்துக்கு நேரே நின்று கத்திப் பார்த்தான். எச்சில் தெறித்தது. அவளுக்கு அவன்மேல் அருவருப்பு வந்தது, அவ்வளவுதான். கடைசியில், வேறு வழியில்லாமல், அப்படியே பாட்டை ஓட்டினான்.

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். கஞ்சியாக வழியப் போகிறது, மதினியின் பிழைப்பில் மண் விழப்போகிறது என்று காத்திருந்தாள்.

பாட்டு வந்தது. எப்போதும்போல வந்தது. மூன்று வருஷமாக வந்த அதே தேன், ஒரு சொட்டுக் குறையவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். மீட்டர் அடியில் கிடந்தது. "எப்பிடி?" என்றாள். "உள்ள ஒண்ணுமே இல்லியே. எப்பிடி இனிக்கு?"

தயாபரன் மேசையைத் துடைத்தான். இல்லாத தூசியைத் துடைத்தான். பக்கத்து அறைக் கதவு திறந்து ரெஜினா வந்தாள்.

"சொல்லிரு தயா. இனிமே மறைச்சு என்ன?"

"மேடம், நீங்க இங்க வரக்கூடாது."

"சொல்லுதியா, நான் சொல்லட்டா?" அவன் மறுபடி மேசையைத் துடைக்கப் போனதால் ரெஜினாவே சொன்னாள். "ரெண்டு பாட்ட அடுத்தடுத்துப் போட்டா, எது கொஞ்சூண்டு சத்தம் கூடவோ, அதுதான் நல்ல பாட்டுன்னு காது சொல்லும் ஜெசி. இந்தத் தொழில்ல முதப் பாடமே அதுதான். ரெண்டையும் சத்தத்தச் சமமாக்கிட்டுத்தான் எது ஒசத்தின்னு பாக்கணும். இவன் பாக்கல. ஒங்கிட்ட இருந்து வாறது ஒன்றரை டெசிபல் தூக்கலா இருக்கு. அவ்வளவுதான் அந்தத் தேனு."

"நான் வேணும்னு பண்ணல," என்றான் தயாபரன். "முதல் பாட்டுல நிஜமாவே இருந்துச்சு. அந்த சந்தோஷத்துல சமமாக்கிப் பாக்கணும்னே தோணல. அப்புறம் நீ சொல்லிச் சொல்லி, அது உனக்கே பாராயணமாயிடுச்சு. மீட்டர் ஏறும், அது வெறும் படபடப்பு. குரல்ல ஒண்ணும் இருக்காது. நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள முத்திரை குத்திட்டாங்க, ஊரெல்லாம் ஆரம்பிச்சுட்டாங்க. எப்படி வெளிய சொல்றது?"

"சமமாக்கிப் போட்டுக் காட்டு," என்றாள் ரெஜினா.

அவன் ஒரு திருகைக் கொஞ்சம் இறக்கினான். ஜெசிந்தா வழியாக வந்த தாலாட்டு. பிறகு அவள் வழியாக வராத தாலாட்டு. மறுபடி அது, மறுபடி இது. உப்புக்கல் அளவுகூட வித்தியாசம் இல்லை.

ஜெசிந்தா அடியில் கிடந்த மீட்டரைப் பார்த்தாள். ரெஜினா வீட்டு வாசலில் இறக்கி வைத்தது என்ன அப்போது? வெறும் கூடையா? உள்ளே இருந்தது எப்போதோ செத்துப்போய், அதன் கதையை மட்டும்தான் வாரா வாரம் இங்கே வந்து ஒப்பித்துக்கொண்டிருந்தாளா? அந்தக் கதைக்காகத்தான் கட்டின புருஷனிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னாளா?

"ஒனக்கு எப்பத் தெரியும் மதினி?"

"அப்பவே தெரியும். ரெண்டு மூணு பாட்டுலயே. என் குரலு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா விட்ட? பொறவும் இந்த மனுசன் என்னய உக்கார வச்சுக் கிளறுனாரே, மூணு வருசம்?"

ரெஜினா பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அன்றைக்கு வாசற்படியில் ஏதோ இறங்கித்தான் இருந்தது போல. உண்மையைச் சொன்னால் தாங்குவாள் என்று நம்பிவிட்டாள்.

"நான்தான் நிறுத்த வேண்டாம்னு சொன்னேன்," என்றாள். "அந்த அரைமணி நேரம் நீ அவியளப் பத்திப் பேசுவ. நான் அந்த ரூம்புல ஸ்பீக்கரப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன். அவியளப் பத்திப் பேச எனக்கு யாரு இருக்கா ஜெசி? ஊர்ல எவனும் எனக்கு வாசல் தொறக்க மாட்டான். ஒன் வாயிலதான் அவிய உயிரோட இருந்தாவ. சில கேள்விய நானே தயாகிட்ட கேக்கச் சொல்லுவேன். அவிய எப்பிடிச் சிரிப்பாவ, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாவ, கடைசியா என்ன கேட்டாவ..."

ஜெசிந்தாவுக்கு அந்தக் கேள்விகள் ஞாபகம் வந்தன. கோபத்துக்கும் அண்ணன் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே நினைத்திருக்கிறாள். இருந்தும் சொன்னாள். மூச்சு முட்ட முட்டச் சொன்னாள். வீட்டுக்குப் போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

"நான் வாரா வாரம் எங்கண்ணன இங்கன வச்சுச் சாகடிச்சேன்," என்றாள். குரல் தணிந்துதான் இருந்தது. "சாவும்போது பக்கத்துல நிக்க ஒனக்குத் தைரியம் இல்ல. நான் நின்னேன். நின்னவள உக்கார வச்சு, திருப்பித் திருப்பிச் சாகடிக்கச் சொல்லி, நீ ஏசி ரூம்புல இருந்து கேட்டிருக்க. பாட்டுக் கேக்குற மாதிரி."

"ஜெசி, நான் அப்பிடி..."

"வாயத் தொறக்காத!"

யாரும் சூடேற்றவில்லை. அரைமணி நேரமும் ஆகவில்லை. சுவரில் மீட்டர் விருட்டென்று ஏறி, சிவப்பைத் தாண்டி, முனையில் போய் முட்டி நின்றது. வலை இன்னும் அவள் தலையில்தான் இருந்தது. தயாபரன் ஸ்டுடியோக்காரன், வேறென்ன செய்வான்? கை தானாகப் போய்ப் பாட்டை ஓட்டியது.

சத்தத்தைச் சமமாக்கி வைத்திருந்த தாலாட்டு. அது ஸ்பீக்கரை விட்டு வந்தபோது மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே இன்னொரு சுரம், அதற்கு மேலே இன்னொன்று; ஒரு குரலுக்குள் ஒரு குடும்பமே நின்று பாடியது. பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டுத்தான், ஆனால் அந்தப் பிள்ளை தூங்கினால் எழுந்திருக்காதோ என்கிற பயமும் அதில் இருந்தது. தயாபரன் மேசையில் கவிழ்ந்து அழுதான், வெட்கமில்லாமல். இந்த ஒரு தடவை அவன் விட்டது நிஜக் கண்ணீர்.

ரெஜினா அழவில்லை. வாயைப் பிளந்து நின்றாள். இருபது வருஷமாகப் பாடுகிறவள், தன் குரல் இப்படியும் இருக்கும் என்று இன்றைக்குத்தான் கேட்கிறாள். மெல்ல வந்து ஜெசிந்தாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"என்னய மன்னிக்க வேண்டாம்," என்றாள். "மன்னிக்கவே வேண்டாம் ஜெசி. இப்பிடியே இரு. இந்த ஒரு பாட்டு முடியுத வரைக்கும் இப்பிடியே இரு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

போன ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் நின்று மன்னிப்பை வாங்கிக்கொண்டவள் இவள்தான்!

ஜெசிந்தா இரண்டு கையாலும் வலையைப் பிடித்து, பாட்டின் நடு அடியில், கழற்றி எடுத்தாள். நாலு முடி கூடவே பிய்த்துக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரில் ரெஜினா பாடிவைத்தது மட்டும் மிஞ்சியது; குரல் சட்டென்று ஒல்லியானது. சத்தம் குறையவில்லை, ஆள்தான் இல்லை. நேற்றுவரைக்கும் ஊர் கொண்டாடின அதே குரல், இப்போது கேட்கச் சகிக்கவில்லை. ரெஜினா காதைப் பொத்திக்கொண்டாள்.

"அதுதான் ஒன் குரலு. வச்சுக்க," என்றாள் ஜெசிந்தா. "இந்தக் கோவம் எனக்கு. இதுல ஒரு சொட்டு ஒன் பாட்டுக்குத் தர மாட்டேன்."

"ஒங்கண்ணனுக்காவ ஜெசி..."

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"எங்கண்ணன் எப்பிடிச் சிரிப்பாவன்னு இனிமே நீ யார்ட்டக் கேப்ப?" என்றாள். "என் வாயிலருந்து அவிய பேரு ஒன் காதுல விழுந்தது இன்னையோட சரி."

ரெஜினா ஏதோ சொல்ல எழுந்தாள். அதற்குள் ஜெசிந்தா கதவைத் திறந்து வெளி வெயிலில் இறங்கிவிட்டாள். பாட்டை நிறுத்த வேண்டும் என்று உள்ளே யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தாலாட்டு ஆளில்லாத குரலில் கடைசி அடிவரைக்கும் ஓடி முடிந்தது.